வாசகர் கேள்வி – பதில்: கர்நாடகக் கடற்கரையும் மலைநாடும்

கடலையும் மலையையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிட விரும்பும் வாசகர்கள், கர்நாடகத்தின் கடற்கரை மாவட்டங்களைப் பற்றியும் அவற்றை ஒட்டிய மலைநாட்டைப் பற்றியும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எழுபது வயதுத் தந்தை, மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் ஐந்து நாள் பயணம் திட்டமிட்டிருக்கிறேன். மங்களூரு, தர்மஸ்தலா, சிக்கமகளூரு, உடுப்பி, ஆகும்பே, சிருங்கேரி, கொல்லூர், முருடேஸ்வர், ஜோக் அருவி, கோகர்ணம் என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரைபடத்தில் எல்லா ஊர்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரிகின்றன. இது நடக்கக்கூடியதா?
(வாசகர், திருச்சி)

பதில்: நடக்கும்; ஆனால் ஐந்து நாளும் உங்கள் தந்தை பார்க்கப்போவது முன் இருக்கையின் முதுகைத்தான். உங்கள் பட்டியலில் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்கல் வரிசையில் இருக்கிறது. தட்சிண கன்னடம், உடுப்பி, உத்தர கன்னடம் ஆகிய மூன்று மாவட்டங்களில் சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரை ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, சில இடங்களில் கைக்கெட்டும் தூரத்திலேயே, மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அந்தச் சுவரை ஏறிக் கடக்க ஷிராடி, சார்மாடி, ஆகும்பே, ஹொன்னாவரிலிருந்து கேருசொப்பா வழியாக ஜோக் செல்லும் சாலை என விரல்விட்டு எண்ணக்கூடிய காட் ரோடுகளே (மலைப்பாதைகளே) உள்ளன. ஆகவே இந்தப் பகுதியில் பயணத்தைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட, எத்தனை முறை மலை ஏறி இறங்குகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே சரியான கணக்கு.

உங்கள் வரிசைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தர்மஸ்தலாவிலிருந்து சிக்கமகளூருக்கு ஏற வேண்டும். அங்கிருந்து உடுப்பிக்கு இறங்க வேண்டும். ஆகும்பேக்கும் சிருங்கேரிக்கும் மீண்டும் ஏற்றம். கொல்லூருக்கு மீண்டும் இறக்கம். முருடேஸ்வரிலிருந்து ஜோக் அருவிக்கு மறுபடி ஏற்றம். கோகர்ணத்துக்கு மறுபடி இறக்கம். ஐந்து நாளில் ஆறு முறை. தரைவழி நெடுஞ்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் தவறில்லை. மலையில் 30-க்கு மேல் கணக்கிடாதீர்கள், சிற்றுந்தில் முதியவரும் குழந்தையும் இருந்தால் 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தில் தேநீருக்கு நிறுத்துவதும், வளைவில் எதிரே வரும் பேருந்துக்காகப் பின்வாங்கி நிற்பதும், பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டுவதும் அடங்கியிருக்காது.

ஒரே ஏற்றம், ஒரே இறக்கம் என்று பயணத்தை அமைத்துக்கொள்வதே என் யோசனை. சென்னையிலிருந்து திருச்சி, கரூர், ஈரோடு, கோவை வழியாக மங்களூரு செல்லும் விரைவு வண்டி உங்களுக்கு வசதியானது. மங்களூரில் இறங்கி, சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே உள்ள உடுப்பியில் தங்குமிடம் எடுத்து, மூன்று இரவும் அங்கேயே இருங்கள். பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்காமல் இருப்பது முதியவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர்களே சொல்லமாட்டார்கள். நாம்தான் கவனிக்க வேண்டும். ஒரு நாள் கிருஷ்ணர் கோயிலுக்கும் மல்பே கடற்கரைக்கும் ஒதுக்குங்கள். மல்பேயிலிருந்து படகில் செல்லக்கூடிய செயின்ட் மேரீஸ் தீவில், எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகியபோது பிளந்து உண்டான பாறைத் தூண்கள், பெரும்பாலும் ஆறு பக்கமும் சில இடங்களில் ஐந்து பக்கமுமாக, யாரோ அச்சில் வார்த்து நட்டவைபோல் நெருக்கமாக நிற்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தோடு இந்தப் பாறைகளைப் புவியியலாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். வயது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகள். தீவின் கரையில் மணலைவிடச் சிப்பி ஓடுகள் அதிகம் என்பதால் பிள்ளைகள் செருப்பைக் கழற்ற வேண்டாம். படகிலிருந்து இறங்கும்போது முழங்கால் நனையக்கூடும். உங்கள் தந்தைக்கு மூட்டுவலி இருந்தால் அவர் மல்பே கரையிலேயே இருப்பது நல்லது.

அடுத்த நாள் கொல்லூர். மூகாம்பிகை கோயில் மலையடிவாரத்தில் இருப்பதால் காட் ரோடு ஏறாமலே உடுப்பியிலிருந்து போய்த் திரும்பிவிடலாம். போகும் வழியில் மரவந்தே என்னும் இடத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-க்கு ஒரு பக்கம் அரபிக்கடலும் மறுபக்கம் சௌபர்ணிகை ஆறும் இருக்கும். பலரும் வண்டியை நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். அரை மணி நேரம் இறங்கி நில்லுங்கள். குளிக்க மட்டும் இறங்காதீர்கள், அங்கே கரை சட்டென்று ஆழமாகிறது.

நான்காம் நாள் பிற்பகலில் ஆகும்பே வழியாக ஏறுங்கள். காலையில் வேண்டாம் என்பதற்குக் காரணம், மேற்கு நோக்கிய அந்த மலை விளிம்பில் சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கென்றே ஓரிடம் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் கடல் ஒரு கோடாக மின்னும். பார்த்துவிட்டுச் சிருங்கேரிக்குப் போகும் மீதிச் சாலை சுமார் 30 கிலோமீட்டர்தான், கொண்டை ஊசி வளைவுகள் முடிந்துவிட்ட சாலை. மறுநாள் காலை துங்கை ஆற்றங்கரையில் உள்ள சாரதா பீடத்தையும், 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வித்யாசங்கரர் கோயிலையும் பாருங்கள். அந்தக் கோயிலின் மண்டபத்தில் பன்னிரண்டு ராசிகளுக்குரிய பன்னிரண்டு தூண்கள் உள்ளன. பிறகு குதுரேமுக் தேசியப் பூங்காவினூடே கார்கலாவுக்கு இறங்கி, 1432-இல் நிறுவப்பட்ட கோமடேஸ்வரர் சிலையைப் பார்த்துவிட்டு மங்களூரில் இரவு வண்டியைப் பிடிக்கலாம். பூங்காவுக்குள் வனத்துறைச் சோதனைச் சாவடிகள் உண்டு. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது.

முருடேஸ்வர், ஜோக், கோகர்ணம் மூன்றும் இன்னொரு பயணத்துக்கு உரியவை. கொங்கண் ரயிலில் ஹொன்னாவரில் இறங்கி அங்கேயே தங்கினால் மூன்றும் ஒரு நாள் தூரத்தில் இருக்கும். சிக்கமகளூரை பெங்களூரு வழியாகப் போகும்போது பார்ப்பதே எளிது. தர்மஸ்தலா விடுபடுவது உங்கள் தந்தைக்கு வருத்தமாக இருந்தால், முதல் நாள் மங்களூரிலிருந்து நேரே அங்கே போய் இரவு தங்கி, உடுப்பியில் ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மலை ஏற வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு மே மாதம்தான் நீண்ட விடுமுறை. அப்போது போகலாமா? காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் எது நல்லது?
(வாசகி, மதுரை)

பதில்: மூன்றிலும் மே மாதம்தான் கடைசி இடம் பெறும். மதுரை வெயிலுக்குப் பழகியவர்கள்கூட உடுப்பியின் மே மாதப் புழுக்கத்தில் திணறுவார்கள். வெப்பமானி காட்டும் அளவு நம்மூரைவிடக் குறைவாக இருந்தாலும் வியர்வை காய்வதே இல்லை. அருவிகள் நூலாக இளைத்துக் கிடக்கும். ஜோக் அருவியைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு மே மாதத்தில் போகிறவர்கள், 253 மீட்டர் உயரமுள்ள வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஷராவதி ஆற்று நீரை மேலே லிங்கனமக்கி அணை மின் உற்பத்திக்காகத் தேக்கிவைப்பதால், கோடையில் ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்னும் நான்கு கிளைகளையும் ஒருசேரப் பார்ப்பது அரிது. மே மாதத்தை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் கடற்கரைக்கு ஒரு நாள் மட்டும் கொடுத்துவிட்டு, மீதி நாள்களை மலையில் கழிக்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. ஆனால் சிருங்கேரியும் ஆகும்பேயும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன என்பதால் ஊட்டியை எதிர்பார்க்க வேண்டாம். முள்ளயனகிரி 1,930 மீட்டர், கர்நாடகத்தின் மிக உயரமான சிகரம். குளிர்ச்சிக்காகப் போகிறவர்கள் அதை ஒட்டிய சிக்கமகளூரு மலைகளுக்குப் போவதே சரி.

மே மாதத்தில் காட்டுக்குள் நடப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், உண்ணிக் கடியால் பரவுவது. டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் தலைகாட்டுவது. கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. சருகு மண்டிய காட்டுப் பாதையில் நடக்கிறவர்கள் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும், பூச்சி விரட்டி பூசிக்கொள்ள வேண்டும், திரும்பியதும் பிள்ளைகளின் காது மடலின் பின்புறத்தையும் முழங்கால் மடிப்பையும் பார்க்க வேண்டும். குரங்கு இறந்து கிடக்கும் இடத்தின் பக்கமே போகக் கூடாது. பயணம் முடிந்து ஒன்றிரண்டு வாரங்களில் கடும் காய்ச்சல் வந்தால், எங்கே போய்வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

காலாண்டு விடுமுறைக் காலம் நிலப்பரப்பைப் பொறுத்தவரை மிக அழகானது. மழை தளர்ந்திருக்கும், அருவிகள் நிறைந்திருக்கும், படகுகளும் மெல்ல ஓடத் தொடங்கும். ஆனால் அதே நாள்களில் நவராத்திரி வந்துவிட்டால் கொல்லூரிலும் சிருங்கேரியிலும் அறை கிடைப்பது கடினம். விஜயதசமியன்று கொல்லூரில் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கக் கேரளத்திலிருந்து பெருங்கூட்டம் வரும். அரையாண்டு விடுமுறை நடைமுறைக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் டிசம்பர் கடைசியில், மேற்குக் கரையில் வானம் பளிச்சென்று இருக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கோகர்ணத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் ஜனவரி 18 அன்று உடுப்பியில் பர்யாய விழா நடக்கும்; கிருஷ்ண மடத்தின் பூசைப் பொறுப்பு ஒரு மடத்திலிருந்து இன்னொரு மடத்துக்கு மாறும் அந்த விழாவைப் பார்ப்பதற்கென்றே போனால் ஒழிய, அந்த வாரத்தில் உடுப்பியில் அறை தேடாதீர்கள்.

கேள்வி: மழையைப் பார்ப்பதற்காகவே ஜூலையில் நண்பர்கள் நால்வர் போக விரும்புகிறோம். வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எவ்வளவு ஆபத்து?
(வாசகர், கோவை)

பதில்: உங்கள் ஆசையும் நியாயமானது, வீட்டாரின் பயமும் நியாயமானது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த மலைச்சுவரில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, சுமையை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஆகும்பேயில் ஆண்டுச் சராசரி மழை ஏழாயிரம் மில்லிமீட்டருக்கு மேல். சென்னை ஓர் ஆண்டு முழுவதும் பெறுவது ஏறத்தாழ 1,400. மலையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மழை வேகமாகக் குறைந்து, சிக்கமகளூரு நகரத்தை அடையும்போது அதில் ஒரு சிறு பங்கே மிஞ்சுகிறது. இதில் ஒரு பயனுள்ள செய்தி இருக்கிறது: மழை தாங்காமல் போனால், கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும், குடையை மடக்கிவிடலாம்.

ஜூலையில் கிடைக்காதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் மூடியிருக்கும், செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு இல்லை, கடலில் கால் நனைக்கவும் விடமாட்டார்கள், விட்டாலும் இறங்கக் கூடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், மங்களூரு மீன் சாப்பாட்டை நினைத்து நாக்கில் நீர் ஊறப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆகும்பேயில் சூரியன் மறைவது தெரியாது. சூரியன் இருப்பதே தெரியாது. கொங்கண் ரயில்பாதையில் மழைக்கால அட்டவணை நடைமுறையில் இருக்கும். வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள், வண்டி நேரங்கள் மாறும். முன்பதிவுச் சீட்டில் உள்ள நேரத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

ஆபத்து காட்டைவிடச் சாலையில் அதிகம். மலையை வெட்டிச் சாலையை அகலப்படுத்திய இடங்களில், நீர் ஊறிய செங்குத்துச் சரிவு எந்த நேரமும் சரியக்கூடும். 2019 ஆகஸ்டில் சார்மாடி சாலை பல இடங்களில் சரிந்து, கனரக வண்டிகளுக்கு நீண்ட காலம் மூடப்பட்டிருந்தது. 2024 ஜூலை 16 அன்று உத்தர கன்னடத்தில் அங்கோலாவை அடுத்த சிரூரில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டிய குன்று சரிந்து, சாலையோர உணவுக் கடையையும் அங்கே நின்றிருந்த வண்டிகளையும் கங்காவளி ஆற்றுப் பக்கமாகத் தள்ளியது, பலர் உயிரிழந்தனர். அவர்களுள் சிலர் அங்கே வண்டியை நிறுத்தியிருந்தவர்கள். எனவே மழைக்காலத்தில் வெட்டுண்ட மண் சரிவின் அடியில் எக்காரணத்துக்காகவும் வண்டியை நிறுத்தாதீர்கள், படம் எடுப்பதற்காகக்கூட. சாலையின் குறுக்கே கலங்கிய நீர் புதிதாகப் பாய்ந்தாலோ சிறு கற்கள் உருண்டு வந்தாலோ திரும்பிவிடுங்கள். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் அறையிலேயே இருங்கள். அப்படிப்பட்ட நாள்களில் மாவட்ட நிர்வாகமே அருவிகளுக்கும் மலையேற்றப் பாதைகளுக்கும் போகத் தடை விதிப்பதுண்டு. இரவில் காட் ரோடு ஏறவே வேண்டாம்.

நால்வரும் ஆகும்பேயிலோ தீர்த்தஹள்ளிப் பக்கத்திலோ ஒரு வீட்டுத் தங்குமிடம் எடுத்து, மூன்று நாள் அங்கேயே இருந்து மழையைப் பாருங்கள். ஊர் ஊராகச் சுற்ற நினைத்தால் ஈரத் துணியைத்தான் சுமப்பீர்கள். அட்டை கடிக்கும்; அதில் ஆபத்து இல்லை, அரிப்பும் சிறிது இரத்தமும்தான். இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் ஓரத்தைத் தள்ளினால் விட்டுவிடும். கைப்பேசிக்குச் சிக்னல் பல இடங்களில் இருக்காது, மின்சாரமும் அடிக்கடி போகும். வீட்டாரிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பயம் குறையும்.

கேள்வி: மலைப்பாதையில் என் மகளுக்கு வாந்தி நிற்பதே இல்லை. ஆகும்பே வளைவுகளை எப்படிச் சமாளிப்பது?
(வாசகி, ஈரோடு)

பதில்: ஆகும்பே காட் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் சில கிலோமீட்டருக்குள். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடல் அசைவதாகச் சொல்லும்போது, கைப்பேசியையோ முன் இருக்கையையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் அசைவில்லை என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் எழுகிறது. ஆகவே கண்ணாடி வழியே தொலைவில் சாலையைப் பார்க்கும்படி மகளை உட்காரவையுங்கள். பேருந்தானால் ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரவையுங்கள்; பின்சக்கரத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, வயதுக்கேற்ற அளவில், மலை தொடங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. வண்டிக்குள் மல்லிகைச் சரத்தையும் வாசனைத் திரவத்தையும் எடுத்துவிடுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானவர் ஓட்டுநர். தரைநாட்டு ஓட்டுநர் வளைவில் வேகமாக நுழைந்து பிரேக் போடுவார்; உள்ளூர்க்காரர் முன்பே கியரைக் குறைத்து ஒரே சீராக ஏற்றுவார். உடுப்பியில் வண்டி பிடிப்பதன் நன்மை அதுதான்.

கேள்வி: முருடேஸ்வரில் ஸ்கூபா செய்துவிட்டு, அன்றிரவே சிக்கமகளூரு மலை விடுதிக்குப் போக முன்பதிவு செய்திருக்கிறோம். நீச்சல் தெரியாது. சரியா?
(வாசகர், சென்னை)

பதில்: நீச்சல் தெரியாதது தடையில்லை, பயிற்றுநர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் அறிமுக மூழ்கலுக்கு அது கட்டாயமல்ல. ஆஸ்துமா, காதடைப்பு, இதய நோய், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முருடேஸ்வரிலிருந்து நேத்ராணித் தீவு வரை படகில் போவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில் நீரும் தெளிவாக இருக்கும்.

இரவுத் திட்டத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். நீருக்கடியில் அழுத்தத்தில் மூச்சுவிடும்போது உடலின் திசுக்களில் நைட்ரஜன் கரைகிறது. அது மெல்ல வெளியேறும் முன் உயரமான இடத்துக்குப் போனால், அழுத்தம் குறைந்து குமிழாகப் பிரிந்து மூட்டுவலி முதல் நரம்புப் பாதிப்பு வரை உண்டாக்கலாம். விமானத்துக்காகச் சொல்லப்படும் விதி, ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது. விமான அறைக்குள் உள்ள அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு இணையானது. முள்ளயனகிரிச் சாலையும் அந்த உயரத்தைத் தொடுகிறது. எனவே மலைக்கும் அதே இடைவெளி பொருந்தும். ஓர் இரவு முருடேஸ்வரிலேயே தங்குங்கள். கோயிலின் இருபது நிலை இராஜகோபுரத்தில் மின்தூக்கி உண்டு. மேலிருந்து 37 மீட்டர் உயரச் சிவன் சிலையின் பின்னே கடல் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். இதைவிடவும் நல்ல வழி, மலையை முதலில் முடித்துக்கொண்டு கடலுக்கு இறங்குவது.

கேள்வி: குதுரேமுக் சிகரம் ஏற முன்னனுமதி வேண்டுமா? வழிகாட்டி இல்லாமல் போக முடியுமா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: அனுமதி கட்டாயம், வழிகாட்டியும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடக வனத்துறை இணையவழியில் முன்பதிவு செய்துகொள்கிறது, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. சனி, ஞாயிறு இடங்களை பெங்களூரு இளைஞர்கள் முந்திக்கொள்வதால், விடுமுறை உள்ள மாணவர்கள் வாரநாளைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். பாதை முள்ளோடியில் தொடங்குகிறது; அதுவரை கரடுமுரடான ஜீப் வழி. போய்வர ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சிகரம் 1,894 மீட்டர். உயரத்தால் மூச்சு வாங்கும் மலை இதுவல்ல. தூரமும் வழுக்கலும்தான் களைப்படையச் செய்யும். காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்க அனுமதி இல்லை என்பதால் விடியலில் தொடங்கி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். கோடையில் காட்டுத்தீ அச்சத்தாலும், கனமழையிலும் பாதையை மூடிவிடுவார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் புல்வெளி பசுமையாகவும் வானம் தெளிந்தும் இருக்கும்.

இந்த மலையில் இரும்புத் தாது வெட்டியெடுத்த பெரிய சுரங்கம் ஒன்று இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக 2005 இறுதியோடு வேலை நின்றது. ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இன்று பெரும்பாலும் ஆளில்லாமல் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பலருக்கு ஆர்வம் உண்டு. சாலையிலிருந்து தெரிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கன்னடம் தெரியாது, சொந்த வண்டியும் இல்லை. பெண்கள் மூவர் பேருந்திலேயே சுற்றிவர முடியுமா? கர்நாடகத்தில் பெண்களுக்குப் பேருந்து இலவசம் என்கிறார்களே?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: தாராளமாக முடியும். மங்களூரு, உடுப்பி, குந்தாப்பூர் சாலையில் தனியார் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. மலை ஏறும் பேருந்துகள் குறைவு. மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே நிலையத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய ‘சக்தி’ திட்டத்தின் இலவசப் பயணம் கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே, அதுவும் அரசுப் பேருந்துகளில். நீங்கள் சீட்டு வாங்க வேண்டும். மொழி பெரிய தடையாக இராது. அங்கே வீட்டில் துளு, கொங்கணி, பேரி பேசுகிறவர்கள் வெளியே கன்னடம் பேசுகிறார்கள். வேற்று மொழிக்காரரோடு சைகையும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசிப் பழகியவர்கள். கொல்லூரில் கேரள பக்தர்கள் அதிகம் வருவதால் மலையாளம் கலந்த தமிழே போதும். உடுப்பி கோயிலில் வரிசை குறைவாக இருக்கும் நேரம் அதிகாலை. மதிய உணவுக்கு மடத்தின் பந்தியிலேயே உட்காரலாம். சிருங்கேரியிலும் கொல்லூரிலும் அப்படியே.